மாப்பிள்ளை ஊருக்கு வரும் முன்

கருத்தடைக்காகக் கையின் தோலுக்கடியில் வைக்கிற குச்சி ஒன்று சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வந்திருந்தது. அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ராகேல், கடற்கரை ஊர் நிலையம் ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள் ஜினிஷா.

"வச்சாச்சா மக்கா?"

"இல்ல மேடம். மாப்பிள எங்கன்னு நர்ஸ் கேட்டாவ. மஸ்கட்டுன்னேன். அவரு வந்த பெறவு வான்னுட்டாவ."

"எப்ப வாராரு?"

"சனிக்கெழம."

"அப்ப திங்கக்கெழம வரலாம்லா?"

"நல்ல கத. பெட்டியப் பிரிக்கதுக்குள்ள சொந்தக்காரங்க வந்து நெறஞ்சிருவாவ. பெறவு விருந்து, வேளாங்கண்ணி. நான் எங்க வர?" ஜினிஷாவின் குரல் தாழ்ந்தது. "ரெண்டாவது பிள்ளைக்கு ஆப்பரேசன்ல பிழைச்சதே பெருசு. உடனே இன்னொரு பிள்ள தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. என் மாப்பிளதான் வச்சிரச் சொன்னாரு."

"இத உள்ள சொன்னியா?"

"எப்பிடிச் சொல்ல? மாப்பிள மஸ்கட்டுல, இவளுக்கு எதுக்கு குச்சின்னு வரிசையில ஒரு அக்கா சிரிச்சிட்டாவ."

ராகேல் அவளை மறுபடியும் உள்ளே கூட்டிப்போனாள்.

"மாப்பிள வந்த பெறவுதான்னு நீங்க வச்ச சட்டமா சிஸ்டர்?"

நர்ஸ் பகவதி மறைக்கவில்லை. "ஆமா மேடம். குச்சி கொஞ்சந்தான் வந்திருக்கு. மாப்பிள கூட இருக்கவளுக்கு முதல்ல கெடைக்கட்டும்னு பாத்தேன்."

"இதுக்கு முன்ன இப்பிடித் திருப்பி அனுப்பின பிள்ளைங்க, மாப்பிள வந்த பெறவு வந்தாவளா?"

"வந்தாவ."

"குச்சி வைக்கவா?"

பகவதி பதிவேட்டை மூடினாள். "இல்ல. கர்ப்பம் பாக்க."

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து திரையை இழுத்துவிட்டாள். "வா ஏட்டி. மாசத் தூரம் எப்ப வந்து?"

"நேத்து."

"நல்ல சமயம். இன்னிக்கே வச்சா சனிக்கெழமைக்குப் பயமில்ல."

நிலையத்து டாக்டரம்மா குச்சியை வைத்துக் கட்டுப் போட்டார். தீட்டு முன்னே பின்னே ஆகலாம், பயப்படாதே, வேண்டாமென்றால் வந்து எடுத்துக்கொள் என்றார். ஜினிஷா விரலால் கட்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

பகவதி வாசலுக்குப் போய் வரிசையைப் பார்த்தாள்.

"மாப்பிள வெளிநாட்டுல உள்ளவிய ஆருக்காவது வேணும்னா அவரு வர முன்னேயே வாங்க. ஒண்ணும் கேக்கமாட்டேன்."

முதலில் சிரித்த அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஜினிஷாவின் பக்கம் வந்ததும் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"வலிக்குமாட்டி?"

"கை மரத்துப்போக ஊசி போடுவாவ அக்கா. எறும்பு கடிச்ச மாதிரிதான். அண்ணன் எப்ப வாராவ?"

"பெருநாளைக்கு," என்றாள் அக்கா. "இனி நீ வெளிய போய் என்னப் பாத்து சிரி."