மெழுகிய சுவர்

ஊர் முழுக்க மலேரியாவுக்கு மருந்தடித்த வினாயகமூர்த்தி, தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் இரண்டு முறை அடித்தார். முறைப்படி பிழைதான். ஆனால் உள்ளே ஏழு மாத வயிற்றோடு மகள் பிரஷாந்தி இருந்தாள். கடலோரக் கதிரவெளியில் வாழ்க்கைப்பட்டவள். அவளது முதல் பிள்ளையைச் சுனாமி கொண்டுபோனது. புருஷன் கட்டாரில். சண்டைக்குப் பயந்து ஓடி, முகாமில் கிடந்து, இப்போதுதான் எல்லோரும் சொந்த ஊர் பழுகாமத்துக்குத் திரும்பியிருந்தார்கள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனதில்.

"பொழுதுபடக்குள்ள கடிக்கிற நுளம்பு, வயிறு நிறைஞ்சா பறக்க ஏலாம சுவரில குந்தும். மருந்தில குந்தினா செத்திரும்," என்று வீடு வீடாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. நுளம்பு வலைக்குள் படுங்கள் என்றால் மட்டும் போதுமா? அந்த நேரத்தில் எந்தப் பெண் வலைக்குள் இருப்பாள்? அடுப்படியில் அல்லவா இருப்பாள்.

கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறக்க நான்கு நாள் இருந்தது. வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்கு சுவரும் சாணமும் களிமண்ணும் பூசி ஈரமாய் மினுங்கின. மனைவி சீதேவிப்பிள்ளை கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னகா செஞ்ச நீ?"

"மருந்து நாத்தத்தோட அம்மாள்ற சடங்க எடுக்கிறதா? நம்மள உசிரோட ஊர் சேர்த்தவ அவதானே. ஊரே மெழுகுது."

உண்மைதான். அடித்த மருந்தெல்லாம் மண்ணுக்கு அடியில் போயிற்று. சடங்கு வருஷாவருஷம் வருவது. மருந்தடிக்கத் திகதி போட்டவர்களுக்குத் தெரியாதென்றால், இந்த ஊரிலேயே பிறந்த தனக்கு எங்கே போனது புத்தி என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்ப அடிக்க மருந்து கேட்டு மறுநாள் மேலதிகாரியிடம் ஓடினார். மருந்து முடிந்துவிட்டது, இனி மார்கழியில்தான் என்றார் அதிகாரி. மகளைப் பொழுதுபட முன்னரே வலைக்குள் போகச் சொல்லிப் பார்த்தார். "அவிஞ்சு சாகவா அப்பா?" என்று அவள் சிரித்தாள்.

கோயிலில் குளிர்த்தி பாடி அம்மாளின் கோபத்தை ஆற்றிய அன்று பிரஷாந்திக்குக் காய்ச்சல் நடுக்கம் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் பிறந்தது.

சீதேவிப்பிள்ளை நெஞ்சில் அடித்து அழுதாள். பிறகு புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"சொல்லுங்க, அம்மாளுக்கு நான் என்ன குறை வச்சன்?"

பதில் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாய் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த பதில்தான்.

"நீ ஒரு குறையும் வைக்கல்லகா," என்றார்.