பூஜையில் வைக்காத மீட்டர்

சந்தனத்தைப் பார்த்ததும் செந்தமிழ்ச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. சோலார் செல்களைச் சோதிக்கிற பெரிய விளக்கின் கண்ணாடியில் ஜூனியர் ரம்யா மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். மறுநாளிலிருந்து ஆயுத பூஜை விடுமுறை.

"இன்னாடி இது? இன்னைக்கு நான் டெஸ்ட் பண்ணணும்."

"பூஜையில வெச்சத தொடக்கூடாதாம்க்கா. சார் சொல்லிட்டாரு."

சார் என்றால் பேராசிரியர் தீனதயாளன். பாடத்தில் புலி. ஆனால் ஆயுத பூஜை வந்துவிட்டால் ஸ்க்ரூடிரைவருக்குக்கூட லீவு கொடுத்துவிடுவார். அவரேதான் போன வாரம் கறாராகச் சொன்னார்: "ஈயம் போட்டா கரண்ட் ஜாஸ்தி வருதும்மா. ஈயம் போடாத உன் பிஸ்மத் செல்லு வெயில்ல சும்மா படுத்துக்கினு கெடக்குது. பூஜைக்குள்ள எதனா காட்டு. இல்லாட்டி அடுத்த வருஷத்துக்கு ஈயத்துக்குத்தான் ஆர்டர் போடுவேன்."

மலைமேல் கரியாலூரில் செல்வியின் வீட்டில் ஓடைத் தண்ணீரை அப்படியே மொண்டு குடிப்பார்கள். கூரைமேல் ஒரு சோலார் பலகை உடைந்து, மழையில் ஈயம் கரைந்து அந்த ஓடையில் கலந்தால்? நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் ஈயம்போல நஞ்சில்லாத பிஸ்மத் உலோகத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள். முன்பெல்லாம் செல்லின் பூச்சு ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக வரும். இந்த முறை சூட்டைக் குறைத்து நிதானமாக உலரவிட்டதில் வழவழவென்று வந்திருந்தது. வந்து என்ன புண்ணியம்? விளக்குக்கோ லீவு. வெயிலில் காட்டலாமென்றால் வெளியே மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது.

அவள் பையில் கரண்டை அளக்கிற சொந்த மீட்டர் ஒன்று கிடந்தது. அது பூஜையில் இல்லை. ஆற்றாமையில் செல்லை ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்து மீட்டரில் மாட்டினாள். ஒன்றும் வராது என்றுதான் மாட்டினாள்.

மீட்டரில் எண் ஏறியது. கையால் மறைத்தாள், இறங்கியது. சோலார் தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய, கடையில் விற்கிற செல்லை, அதே அளவுதான், பக்கத்தில் மாட்டிப் பார்த்தாள். அது பாதிகூட ஏறவில்லை.

பொரித் தட்டோடு வந்த தீனதயாளன் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுத் தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு மாலைக்கு அடியிலிருந்து டிஜிட்டல் தெர்மாமீட்டரை உருவி, பேட்டரியைக் கழற்றி, செல்வியின் செல்கள் மூன்றை அதில் கோத்தார்.

"சார், அது பூஜையில இருக்குதுங்க," என்றாள் ரம்யா.

"இருந்தா இன்னா? சாமியும் பாக்கட்டும்."

தெர்மாமீட்டரில் எண் தெரிந்தது. வெறும் ட்யூப் லைட் வெளிச்சத்தில்.

"வூட்டுக்குள்ள, கொழந்த கைக்கு எட்டற எடத்துல இருக்கற சாமான்ல ஈயத்த எவன் வெப்பான்? நான் வெயிலயே பாத்துக்கினு இருந்துட்டேன்மா." அங்கேயே நின்று கடைக்குப் போன் போட்டு, அடுத்த வருஷ ஆர்டரில் ஈயத்தை எடுத்துவிட்டு பிஸ்மத் போடச் சொன்னார்.

செல்விக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் சந்தனம் பூசலன்னா இது தெரிஞ்சிருக்குமாக்கா?" ரம்யாவுக்கு ஒரே பெருமை.

"தெரிஞ்சிருக்காது. லீவு முடிஞ்சதும் அந்தக் கண்ணாடிய நீதான் தேச்சு எடுக்கற."

மிச்சமிருந்த சந்தனத்தில் ஒரு பொட்டுத் தொட்டுத் தன் மீட்டருக்கு வைத்தாள் செல்வி. அதையும் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.