சிவப்பு அட்டை

“சீக்கிரம்க்கா, கை விட்டுப்போகுது” என்றான் தம்பி.

கட்டிலின் தலைமாட்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தான். கட்டிலில் அப்பா இருந்தார். அவள் தரையில் மண்டியிட்டு, காலுக்கு அடியில் அடுக்கியிருந்த புத்தகங்களில் மேலே இருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுக்கப் பார்த்தாள். இரும்புக் கால் அதில் அவ்வளவு அழுந்தியிருந்தது. கட்டிலைத் தூக்கியபோது புத்தகமும் கூடவே எழும்பித் தொங்கியது. கையால் ஓங்கித் தட்டினாள். விழுந்தது. அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்த வேறொன்றை அந்த இடத்தில் தள்ளினாள்.

“விடு.”

கட்டில் தொப்பென்று இறங்கியது. அப்பா வெகுநேரம் இருமினார்.

“இதுக்குத்தான் சொன்னேன்” என்றாள் அம்மா, அறை வாசலில் நின்றபடி. “மூச்சு விடவே தெம்பில்ல. இதுல படம் பாக்கணுமாம் படம்.”

போன வாரம் வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், தலைமாட்டை உயர்த்தினால் மூச்சு விடச் சுலபமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பி செங்கல் தேடக் கிளம்பினான். “எதுக்குடா வெளிய போற? அப்பாதான் ஆயுசு பூரா செங்கல்லா வாங்கி அடுக்கி வெச்சிருக்காரே” என்று அலமாரியைக் காட்டியது அவள்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

எல்லாம் ஜப்பான் தெருக்களில் போகிறவர்களின் உடைகளைப் படம் பிடித்துப் போட்ட புத்தகங்கள். நடிகர்கள் இல்லை, சாதாரண ஜனங்கள். மீன்கடையில் வேலை செய்கிறவன் லேஸ் வைத்த கவுனோடு ரோட்டைக் கடப்பான். ஒரு பெண் மூன்று பாவாடையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். அப்பா பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலைக்குப் போன காலமெல்லாம் சாம்பல் நிறக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அடுக்கடுக்காக வெட்டினார். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் இந்தப் புத்தகங்கள் வந்தால் இவருக்கென்று ஒதுக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் டேப்பும் கையில் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, ஒரு தோள்பட்டை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகு ஜப்பான் எழுத்துகளையும் கற்றுக்கொண்டார். படத்துக்குக் கீழே இருப்பதைக் குழந்தை மாதிரி எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

“இவன் பல் டாக்டராம். இந்தக் கோட்டு அவங்க வீட்டு ஜன்னல் திரையாம். கேட்டியா?”

யாரும் கேட்கவில்லை. அம்மாவின் சொந்தக்காரர்கள் அவருக்கு ஜப்பான் என்று பெயர் வைத்தார்கள். போனில், “ஜப்பான் இருக்காரா, இல்ல அவரு ஊருக்குப் போயிருக்காரா?” என்பார்கள். ஒருமுறை மாமா குடும்பத்தோடு தங்க வந்தபோது, பாவாடை கட்டிய ஆண்பிள்ளைப் படத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு எப்படி முகத்தைக் காட்டுவது என்று, எல்லாப் புத்தகங்களின் வெளியுறையையும் அம்மா உரித்துக் குப்பையில் போட்டாள். அதிலிருந்து அவை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மொட்டை அட்டைகள்.

கட்டிலைத் தூக்கிய அன்று காலையிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிழவரைப் பாக்கணும்.”

“எந்தக் கிழவரு?”

“சிவப்பு அட்டை. முதல் பக்கம்.”

“இந்த வீட்ல இருக்கிற ஒரே கிழவரு நீங்கதான்” என்றான் தம்பி. “கண்ணாடி கொண்டு வரட்டுமா?”

சாப்பாட்டு வேளைக்குள் அந்தச் சொல் தேய்ந்து ‘சிவப்பு, சிவப்பு’ என்று ஆனது. அவளால் பொறுக்க முடியவில்லை. எடுத்துக் காட்டித் தொலைத்தால் சத்தம் நிற்கும் என்றுதான் தம்பியைக் கூப்பிட்டாள்.

இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அட்டையில் வட்டமாக விழுந்திருந்த பள்ளத்தை முழங்கையால் ஒருமுறை துடைத்தாள். அந்தப் புத்தகங்களில் ஒன்றைத் தன் கையால் திறப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எல்லாப் புத்தகத்தையும் திறப்பது போல, முதுகு இடது கைப்பக்கம் இருக்கும்படி பிடித்துத் திறந்தாள். முதல் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. ஓர் ஓரமாகப் பொடி எழுத்தில் சில வரிகள், விலை மாதிரி ஓர் எண். அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாத்துக்குங்க. முதல் பக்கம்.”

அவர் தலையை அசைத்தார்.

“இதுதான்பா முதல் பக்கம்.”

போர்வைமேல் இருந்த வலது கை எழுந்தது. உள்ளங்கை மேலே பார்த்தது, பிறகு கவிழ்ந்தது. மறுபடியும் மேலே, மறுபடியும் கவிழ்ந்தது.

“அடுத்த பக்கமா?” புரட்டினாள். கடைகளின் பெயர்கள், ஒரு தெருவின் வரைபடம். இன்னும் புரட்டினாள். ஷூ விளம்பரம். “கிழவர் யாரும் இல்லப்பா இதுல. இருந்தா நான் ஏன் மறைக்கப்போறேன்?”

கை மறுபடி மறுபடி கவிழ்ந்தது.

“தண்ணி கேக்கறாருடி” என்றாள் அம்மா.

ஸ்பூனால் கொடுத்தார்கள். பாதி கன்னத்தில் வழிந்தது. அவர் அவளையே பார்த்தார். அவளுக்கு அந்தப் பார்வை தெரியும்.

நான்காம் வகுப்பில் குரூப் ஃபோட்டோ எடுத்த அன்று அவளுக்கு அவர் ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தார். ஒரு கை பச்சை, ஒரு கை ஆரஞ்சு. ஆரஞ்சுக் கை விரல்களையும் தாண்டி ஒரு சாண் தொங்கியது. டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் உயரமானவர்களுக்குப் பின்னால் நிறுத்தினாள். வருடம் முழுக்க அவளுக்கு யானை என்று பெயர். வீட்டுக்கு வந்ததும், வேறு யாரும் தொடக் கூடாத அவருடைய கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சட்டையை நாடா நாடாவாக வெட்டினாள். அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, முனை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அவ்வளவுதான். மூடு” என்றாள் அம்மா. “மூச்சு இரைக்குது பாரு. நீ வெச்சது ஒல்லிப் புத்தகம்.”

தம்பி மறுபடி தூக்கினான். சிவப்பு அட்டை தன் இடத்துக்குப் போனது. அப்பாவின் கை கவிழ்ந்தபடியே இருந்தது. வெயில் இறங்கும்போது மூச்சு நின்றது. அந்த நேரத்தில் தம்பி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த அவளும், விளக்கைப் போட எழுந்தபோதுதான் பார்த்தாள்.

உடை மாற்ற வந்த ஆள், அவருக்கு விருப்பமானது ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார். அம்மா பீரோவைத் திறந்து, சாம்பல் நிறக் கால்சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். கம்பெனித் துணி, அவரே வெட்டியது. “பள்ளிக்கூடம் போற மாதிரியே இருக்காரே மச்சான்” என்று மாமா மெல்லச் சொன்னார். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் அவள் பக்கம் திரும்பி, “இப்பதான்மா உங்கப்பா நல்லா இருக்காரு” என்றார். அவள் ஆமாம் என்றாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் கட்டிலைப் பிரித்தார்கள். பழைய பேப்பர்காரன் வாசலில் நின்றான். புத்தகங்களை அவள் தூசி தட்டி அடுக்க, தம்பி வெளியே கொண்டுபோனான். சிவப்பு அட்டை அவள் கையிலிருந்து நழுவி, பள்ளம் தரையைப் பார்க்க விழுந்து, தானாகத் திறந்துகொண்டது. முதுகு வலப்பக்கம் இருந்தது.

ஒரு பக்கம் முழுக்கப் படம். கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட கிழவர் ஒருவர் ரோட்டு ஓரம் நின்று சிரித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. அவள் மேல்சட்டையில் ஒரு கை பச்சை, ஒரு கை ஆரஞ்சு. ஆரஞ்சுக் கை தரையை நோக்கித் தொங்கியது. சிறுமியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அவள் தன் வலது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தாள். பிறகு கவிழ்த்தாள்.

அதுதான் முதல் பக்கம். அங்கிருந்து புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் புத்தகம் தாண்டியதும் பக்கங்களில் ஈர டம்ளர் வைத்து எடுத்தது போல மெல்லிய வட்டம் தெரிந்தது. போகப் போக வட்டம் ஆழமானது. மூக்கு, மூக்குக்கண்ணாடி, ஒரு தொப்பி, எல்லாம் அதற்குள் அமுங்கின. ஷூ விளம்பரம் வந்தது. வரைபடம் வந்தது. கடைசியில் அந்தப் பொடி எழுத்துப் பக்கம். அங்கே தாள் வட்டமாகக் கிழிந்திருந்தது.

“அந்தச் சிவப்ப மட்டும் போட்டுடாத” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “ஃபிரிஜ் ஆடிக்கிட்டே இருக்கு. கெட்டியா இருக்கும்.”

“கொண்டாக்கா” என்றான் தம்பி. அதற்குள் போய் ஃபிரிஜ்ஜை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். உள்ளே பாட்டில்கள் உருண்டன. “சீக்கிரம். கனமா இருக்கு.”

அவள் புத்தகத்தை மூடினாள். சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பள்ளம் மேலே பார்க்க, உள்ளே தள்ளினாள்.

“விடு.”

பள்ளம் காலுக்குச் சரியாக இருந்தது. தம்பி கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். ஃபிரிஜ் ஆடவில்லை.