எட்டில் ஒரு பங்கு

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'எட்டுல ஒண்ணு'. மோதி நசுங்கி வரும் கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். பகலெல்லாம் பெரிய கார். வேலை விட்டு வந்து கை கழுவினால் சின்னக் கார். சின்னது என்றால் கைக்குள் அடங்குகிற பொம்மை இல்லை. அசல் காரின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அளந்து, எட்டால் வகுத்துச் செய்வது. நாலு மீட்டர் கார் அரை மீட்டராகும். கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். ஒரு கார் முடிய ஒரு வருஷம் ஆகும், சிலது ஒன்றரை வருஷமும் இழுக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முன்னறை மேசையில் ஒரு டம்ளர் வைக்க இடமிருக்காது. உப்புத்தாள் தேய்த்த தூள் தலையணை வரைக்கும் வரும். பிறகு பழகிவிட்டது. நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். காலி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுப்பேன். ஆறாம் நம்பர் பெட்டியில் சக்கரம், பூட்ஸ் வந்த பெரிய பெட்டியில் எஞ்சின் என்று அவர் பிரித்து வைத்துக்கொள்வார். "புள்ளை இல்லாத வீட்டுல பொம்மைக் காரு எதுக்கு?" என்று ஒருத்தி மாடிப்படியில் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். இரண்டு பேருமே விழாத மாதிரி இருந்துவிட்டோம்.

அவருக்கு ஒரே தங்கை. பதினோரு வயது சின்னவள். நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் 'பாப்பா'தான். அவள் புருஷன் மருந்துக் கம்பெனிக்காகக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறவர். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே மேசைக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். "மச்சான், என் காரையும் இப்படி எட்டால வகுத்துக் குடுத்துடுங்க. பெட்ரோலும் எட்டுல ஒண்ணு ஊத்தினாப் போதும்" என்பார். அவரிடம் இருந்தது பழைய நீலக் கார். வெயிலில் நின்று நின்று கூரை மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருந்தது. அதற்கு எந்த வைத்தியம் என்றாலும் இவரிடம்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், கால்வாய் ஓரச் சாலையில் அந்தக் கார் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. நடுமத்தியானம். பார்த்தவர்கள் கயிறு கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓட்டுகிற பக்கக் கதவு கால்வாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டதாம். மறுபக்கக் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டதாம். தலையில் அடிபட்டிருந்தது, உடனே நினைவு போயிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் காரை அடையாளம் காட்ட இவர் போனார். போய் வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. துக்கம் என்றுதான் நான் நினைத்தேன். தங்கையை அந்தக் காரைப் பார்க்க யாரும் விடவில்லை. விசாரணை முடிந்ததும் அதைப் பழைய இரும்புக்காரன் நசுக்கி எடுத்துப்போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து அவள் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதில் வேறொரு கார் பாதியில் நின்றது.

"அண்ணா, எனக்கு அந்தக் காரைச் செஞ்சு குடு" என்றாள்.

"எந்தக் காரை?"

"அவரோடதை."

இவர் என்னைப் பார்த்தார். அழுகிற குழந்தை எதையாவது கேட்டால் கொடுத்துவிடவேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. "சரி பாப்பா" என்றார்.

மறுநாளே பாதியில் நின்ற காரை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பட்டறைக்கு அதே மாடல் கார் ஒன்று வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் டேப்பை வைத்து அளந்துகொண்டு வந்தார். மரக்கட்டையைச் செதுக்கிக் காரின் உருவம் செய்து, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுத்தார். தட்டும் சத்தம் பக்கத்து வீட்டுச் சமையல் சத்தம்போல எனக்குப் பழகிப்போனது. விளக்குக் கண்ணாடிக்கு இரண்டு பழைய கைக்கடிகாரக் கண்ணாடி. சீட்டுக்கு நான் கடையிலிருந்து கொண்டுவந்த தோல் துண்டு.

தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். "பின்பக்கம் இடது மூலையில ஒரு கீறல் இருக்கும்ணா. எங்க கேட்டுல இடிச்சது." "ஸ்டியரிங்ல பச்சை டேப் சுத்தியிருப்பாரு, கை வேர்க்குதுன்னு." அவர் தலையாட்டிச் செய்வார். நிறத்துக்குத்தான் ரொம்பப் பாடுபட்டார். பட்டறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயின்ட் கலந்து கொண்டுவந்து தகட்டுத் துண்டில் அடித்து ஜன்னலில் காயவைப்பார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இல்லண்ணா, இது புதுசு மாதிரி இருக்கு" என்பாள். ஒன்பதாவது துண்டைக் கையில் எடுத்தவள் ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதுதான் சரியான நிறம் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அந்த மாதங்களில் அவள் கொஞ்சம் தேறிவிட்டாள் என்றுதான் சொல்வேன். சாப்பிட்டாள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். இவர்தான் இளைத்துக்கொண்டே வந்தார். கண்ணுக்கு வேலை அதிகம், கண்ணாடியை மாற்றுங்கள் என்று நச்சரித்தேன். கண்ணாடிக்கடைக்காரர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

கதவுகள் கடைசியாக வந்தன. நாலு கதவில் மூன்றுக்குக் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி வைத்தார். ஒரு நெல்மணி நீளம்தான் இருக்கும். நகத்தால் சுற்றினால் கண்ணாடி இறங்கும், ஏறும். நாலாவது கதவு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு, ஒரு மாதமாகப் பெட்டியிலேயே கிடந்தது. எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையே அந்தப் பெட்டியைத் திறந்து கதவை எடுத்தாள். நான் டீ எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

"இதுல கண்ணாடி இறங்குமாண்ணா?"

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"இறங்காது பாப்பா."

"ஏன்?"

"அன்னிக்கும் இறங்கலை."

அப்புறம் சொன்னார். மேசையைப் பார்த்தபடியே சொன்னார். விபத்துக்கு மூன்று வாரம் முந்தி, கண்ணாடி நிற்காமல் கீழே விழுந்துவிடுகிறது, சாம்பிள் மருந்தெல்லாம் நனைகிறது என்று மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்தாராம். மாற்றவேண்டிய பாகம் கடையில் இல்லை. கதவுக்குள் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துக் கண்ணாடியை மேலேயே நிறுத்திவிட்டாராம். "பார்ட்ஸ் வந்ததும் போட்டுடறேன் மாப்பிள்ளை, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினாராம். பாகம் ஐந்தாம் நாளே வந்துவிட்டது. இவர் போன் பண்ணிச் சொன்னார். அவர் வர்றேன் வர்றேன் என்றார். இவரும் சரி, வரும்போது பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

"ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன். நான் வச்ச கட்டை அப்படியே இருந்துச்சு. ஒரு இஞ்ச் கூட நகரலை. நல்லா வச்சிருக்கேன்" என்றார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

டீ டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். இருபது வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியவில்லையே என்று முதலில் என்மேல்தான் கோபம் வந்தது.

தங்கை கதவைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"கட்டை வச்சது எனக்குத் தெரியும்ணா. அன்னிக்குச் சாயங்காலமே அவரு சொல்லிட்டாரு. 'உங்கண்ணன் என் காருக்கு ஊன்றுகோல் குடுத்துருக்காரு'ன்னு சிரிச்சாரு."

அவர் நிமிர்ந்தார்.

"போலீஸ்ல கேட்டப்போ காரு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். சொல்லியிருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அவரும் இல்லாம, நீயும் இல்லாம நான் என்ன பண்றது?"

"பாப்பா..."

"இரு. நான் இன்னும் முடிக்கலை." அவள் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "அன்னிக்குக் காலைல அவரு உன் பட்டறைக்குத்தான் கிளம்பினாரு. கண்ணாடிய மாத்திட்டு அப்புறம் கடை லைனுக்குப் போறேன்னாரு. நான்தான் விடலை. மழை வலுக்கறதுக்குள்ள வேலைய முடிச்சிட்டு வீடு வந்து சேருங்க, கண்ணாடி எங்க ஓடியா போகப்போகுதுன்னேன். சரிம்மான்னு வண்டியத் திருப்பினாரு."

பெட்டியின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடினாள்.

"இதை உங்கிட்ட சொல்லணும்னுதான் முதல் நாள் வந்தேன். வாய் வரலை. காரைச் செஞ்சு குடுன்னு கேட்டேன். செய்யும்போது நீயே ஆரம்பிப்பே, பின்னாடியே நானும் சொல்லிடலாம்னு பாத்தேன். ஒம்பது மாசம்ணா. வாரா வாரம் வந்து கீறலையும் டேப்பையும் சொல்லிட்டிருந்தேன். நீ வாயே திறக்கலை."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே படியிறங்கி ஓடினேன். "விடுங்க அண்ணி. இப்போ எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இவர் மேசைப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். போன் அடித்தால் என்னை எடுக்கச் சொல்வார். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷனின் சட்டைகளும் அதில் இருந்தன. துவைத்து மடித்துத் திரும்ப வைக்கிறாள்போல.

"அவரு ஒழுங்காச் சாப்பிடறதில்லை" என்றேன்.

"நானும்தான் அண்ணி."

"அண்ணன்மேல கோபமா?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "அண்ணனை நெனச்சா கோபம் வருது. அடுத்த நிமிஷம் என்னை நெனச்சா கோபம் வருது. அப்புறம் அவரை நெனச்சா, ஏங்க நான் சொன்னதைக் கேட்டீங்கன்னு அவர்மேலயும் வருது. ஒருத்தர்மேல நிறுத்தி வைக்க முடியலை. முடிஞ்சா நிம்மதியா இருக்கும்."

கிளம்பும்போது, இவர் சொல்லியனுப்பியதைக் கேட்டேன். அந்த நாலாவது கண்ணாடியை எப்படி வைக்கட்டும் என்று. அவள் ஒரு சட்டையின் காலரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இறங்கற மாதிரியே வைக்கச் சொல்லுங்க. பொய்தான். இருந்துட்டுப் போகட்டும்."

மூன்று வாரத்தில் முடித்தார். ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நாங்களே கொண்டுபோனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் உடம்பு முன்னால் கவிழ்ந்து அதை மூடிக்கொண்டது. அவள் வாங்கி அலமாரிமேல் வைத்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்கவில்லை. "நல்லா வந்திருக்குண்ணா" என்றாள். "கூரைல இன்னும் கொஞ்சம் வெளுப்பு வேணும்" என்றார். "போதும்" என்றாள்.

பதினோரு நாள்தான் அது அங்கே இருந்தது. பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அதே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முடியலை அண்ணி. எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ள ஆள் இருக்கான்னு கண்ணு போய்ப் பாக்குது. இங்கயே இருக்கட்டும்."

வாங்கிப் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், துணியோடு வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் சமையலறையில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் வருகிறாள். அவள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பேசுவோம். என் கடையில் ஒரு காலுக்கு ஏழு, மறு காலுக்கு எட்டு நம்பர் கேட்டுச் சண்டை போட்டவரைப் பற்றிப் பேசுவோம். அலமாரிப் பேச்சு வராது. இவர் புதிதாக எந்தக் காரும் தொடங்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்ததை எடுத்துப் பட்டறையில் யாருக்கோ கொடுத்துவிட்டார். மேசையில் இப்போது நாங்கள் சாப்பிடுகிறோம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

போன வாரம் அவள் கைகழுவப் போனபோது இவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "அவ முகத்துல ஏதாவது தெரியுதா? என்னை மன்னிச்சிட்டாளா?"

"நீங்க அவளை மன்னிச்சிட்டீங்களா?" என்றேன்.

"அவ என்ன தப்புப் பண்ணினா?" என்றார் அவர். அதற்குள் அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.