குரல் வரும் பக்கம்

மாரிச்செல்வம் சரியான முந்திரிக்கொட்டை. முதுகுளத்தூர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடத்தில் முதல் மார்க் வாங்கியிருந்தான். அந்தப் பெருமை இன்னும் தலையைவிட்டு இறங்கவில்லை. கல்லூரியில் சேர்ந்து முதல் வாரம்தான் ஆகிறது, அதற்குள் பக்கத்துப் பெஞ்சு வசீமிடம் சாஃப்ட்வேர் எல்லாம் தனக்கு ஊதித் தள்ளுகிற சமாச்சாரம் என்று அளந்துகொண்டிருந்தான்.

அன்று கலைச்செல்வி மேடம் போர்டு பக்கமே போகவில்லை. மென்பொருள் பொறியியல் என்றால் என்னவென்று காட்டுகிறேன், வாருங்கள் என்று முதலாண்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் போகிற சாலையோரக் கல்லூரி அது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மைதானத்தின் தென்கோடியில் வேலி சாய்ந்து கிடந்தது; அதற்கப்பால் கருவேலங்காடு.

"ரெண்டு ரெண்டு பேராப் பிரிஞ்சுக்குங்க. ஒருத்தர் புரோகிராமர், இன்னொருத்தர் மெஷின். மெஷினுக்குக் கண்ணக் கட்டிரணும். புரோகிராமர் சொன்னத மட்டுந்தான் மெஷின் செய்யும், சொந்தப் புத்திக்கு வேலையே கிடையாது. கோல்போஸ்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். ஆரம்பிங்க."

மாரிக்கு வாய்த்த மெஷின் நயினார்கோவில் உமையாள். ஒரு வேலையைக் கொடுத்தால் அதில் விளையாட்டே கிடையாது அவளுக்கு. துப்பட்டாவை நாலாக மடித்து, கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியாமல் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மாரி எழுதியது மூன்றே வரி. அதை அவள் காதில் ஓதினான்.

"நேரா நட. பேரச் சொல்லிக் கூப்பிட்டா, குரல் வார பக்கமா வா. நான் சொல்ற வரைக்கும் துணிய அவுக்காத."

"இம்புட்டுத்தானா?"

"மெஷினு கேள்வி கேக்காது புள்ள. நட."

அவள் நடந்தாள். மாரி வசீம் பக்கம் திரும்பி, "பாத்தியாலே, மூணே வரி" என்று பீற்றிக்கொண்டான். பீற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கோல்போஸ்ட் அருகே ஆளில்லை. கண்ணைக் கட்டினால் யாருக்கும் நடை ஒரு பக்கமாகக் கோணத்தானே செய்யும்? உமையாள் சாய்ந்த வேலியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். முள் அவள் கையைக் கீறியிருக்க வேண்டும். நடை மட்டும் நிற்கவில்லை.

"உமையா!" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. விழுந்தடித்து ஓடினான்.

அவள் ஏன் திரும்பவில்லை என்று ஓடும்போதுதான் அவனுக்கு உறைத்தது. உச்சி வேளையில் காட்டோரம் யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது, இரண்டாவது குரலுக்கும் கூடாது. பேய் பிசாசுகளால் மூன்றாம் முறை கூப்பிட முடியாதாம். முதுகுளத்தூர்ப் பக்கமும் இதே பேச்சுதான். மாரி சொல்லிக்கொடுத்தது மூன்று வரி. அதற்கெல்லாம் முந்தியே அவள் வீட்டார் அவளுக்குள் எழுதிவைத்த வரி இது.

"உமையா!" என்று இரண்டாவது தடவையும் கத்தினான்.

இந்த முறை அவன் குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. உமையாள் நின்றாள். அப்போதுதான் அவள் காலடியில் இருந்ததை அவன் பார்த்தான். தண்ணீர் உப்புக் கரித்துப்போய் யாரோ கைவிட்ட கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்புக்கும் அவள் கால் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் மண்தான் இருந்தது.

இன்னொரு தடவை கூப்பிட்டால் போதும், குரல் வருகிற பக்கமாக அவள் காலை எடுத்து வைத்துவிடுவாள். அவளுக்குக் குரல் வருவதோ கிணற்றுக்குள்ளிருந்து. தானே எழுதிக் கொடுத்ததுதான். அட படுபாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான். பின்னாலிருந்து மேடமும் கத்திவிடக் கூடாதே என்று வேறு பதறியது. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சருகு மிதிபடாமல் அவளை நோக்கி அடி வைத்தான்.

எட்டிப் பிடிக்கலாம் என்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். அப்போது கிணறு கூப்பிட்டது.

"உமையா..."

அவன் குரல்தான். ஆனால் அதில் பதற்றமே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து சோறு தின்னக் கூப்பிடுகிற மாதிரி அத்தனை நிதானம். பொத்திய கைக்குள் அவன் உதடு அசையவே இல்லை.

உமையாள் வலது காலைத் தூக்கினாள்.

பாய்ந்து அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இருவரும் முள்ளின் மேல் விழுந்தார்கள். விளிம்பிலிருந்து ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து உள்ளே போனது. அது விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவே இல்லை.

"ஏன் இழுத்த?" என்றாள் உமையாள், கண்கட்டு அவிழாமலே. "மூணு தரம் கூப்பிட்டயேன்னுதான வந்தேன்?"

"நான் ரெண்டு தரந்தான் கூப்பிட்டேன் புள்ள."

"மொத ரெண்டும் யாரோ மாதிரி இருந்துச்சு. மூணாவதுதான் அச்சு அசல் ஒன் குரலு."

"மொதல்ல துணிய அவுத்துரு. எந்திரிச்சுப் போயிருவோம்."

அவள் கையைத் தூக்கவில்லை. "யாரு சொல்றது?"

"நாந்தான், மாரி."

"அங்கன இருந்ததும் அப்படித்தான் சொல்லுச்சு. 'நாந்தான் மாரி, பயப்படாம வா'ன்னு மெதுவாச் சொல்லுச்சு. ஒனக்குக் கேக்கலையா?"

அவனுக்குக் கேட்கவில்லை. இனி என்ன பேசி என்ன, எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதையும் அது சொல்லியிருக்குமே என்று பட்டது அவனுக்கு. தூரத்தில் மேடமும் பிள்ளைகளும் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவர்கள் யாரும் இவள் பேரைச் சொல்லிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் கும்பிட்டான்.

உமையாள் காற்றில் துழாவி, கையை நீட்டினாள். அவன் தோளைத் தொட்டாள். பிறகு கழுத்து, தாடை, கன்னம். கன்னத்தில் கை நின்றது. அது நனைந்திருந்தது.

"அழுறியா?"

அவன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் உள்ளங்கைக்கு அது தெரிந்தது.

"அது அழுவல" என்றாள் உமையாள். சொல்லிவிட்டு, முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.