அல் கூஸ் கேம்ப்பில் செருப்பு ஓட்டு

எனக்கும் புத்தகத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. நான் இந்த அரபு நாட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பெண்டர். ஆனாலும் லேபர் கேம்ப்பில் எங்கள் பிளாக் மூலையில் இருந்த நூலக அறையை மூடக் கூடாது என்று ஒவ்வொருத்தன் காலிலும் விழாத குறையாக அலைந்தேன். காரணம் என் தங்கை நாகஜோதி.

அவள் புருஷன் அன்பரசன் போன வருஷம் அந்த அறையில்தான் செத்தான். ஆகஸ்ட் வெயிலில் டூட்டி முடித்து வந்து, குளித்துவிட்டு, ஒரு புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தவன் அப்படியே மேஜையில் தலை சாய்த்தான். தூங்குகிறான் என்று நினைத்து ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனோம். ரொம்ப நல்ல ஆட்கள் நாங்கள்! பெட்டியில் ஊர் போய்ச் சேர்ந்த உடம்பைப் பார்த்து நாகஜோதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அவுக மொகமே இல்லண்ணே இது" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். "அவுக ரூம்ல லைட்டப் போடுண்ணே" என்பாள். நான் லைட்டைப் போட்டு, அவன் நாற்காலியைப் பார்க்கிற மாதிரி போனைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். போர் மோட்டார் ரிப்பேரானது, மகளுக்குப் பல் விழுந்தது, எல்லாம் சொல்வாள். நடுவில் நிறுத்துவாள். யாரோ பதில் சொல்லக் கேட்பது போல இருந்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். ஆனால் அந்த அறையும் போய்விட்டால் அவள் என்ன ஆவாள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

கேம்ப் பாஸ் சாகிர் ஒருநாள் வந்து கையை விரித்தார். அந்த அறையின் வாடகையும் கரண்டும் இனி கம்பெனி தராதாம். பிளாக்கில் இருக்கிற எல்லார் சம்பளத்திலும் மெஸ் பில்லோடு சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். பாதிக்கு மேல் ஆட்கள் சம்மதித்தால் நூலகம் இருக்கும். இல்லாவிட்டால் கட்டில் போட்டுப் புது ஆட்களை ஏற்றிவிடுவார்.

விமல் எகிறினான். கம்பி கட்டுகிறவன், என் பக்கத்து ரூம். "நான் கைநாட்டு. நான் படிக்காத புத்தகத்துக்கு நான் எதுக்குங்க காசு அழணும்? அதோட அந்த ரூம்ல உங்க மாப்பிள்ளை இன்னும் இருக்காரு. ஆளே இல்லாதப்ப பக்கம் பொரட்டுற சத்தம் கேக்குது. அங்க போய் எவன் படுப்பான்னும் தெரியல, எவன் படிப்பான்னும் தெரியல."

"வாயை மூடுறா" என்றேன். அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஓட்டு எப்படிப் போடுவது? பத்து பேர் ஒன்றாக நின்றாலே ஸ்ட்ரைக்கோ என்று கம்பெனிக்குக் காய்ச்சல் வரும். காகிதத்தில் கையெழுத்துப் போட எவனும் வர மாட்டான். கடைசியில் செருப்பில் முடிந்தது. எங்கள் எல்லாருக்கும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி நீலச் செருப்பு. மாறிப் போகாமல் இருக்க ஆணியைச் சுட வைத்து அவரவர் பெட் நம்பரைச் சுட்டு வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கு முன்னால் நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மெஸ்ஸுக்குப் போய்விட வேண்டும். வலது பக்கம் விட்டால் நூலகம் வேண்டும், இடது பக்கம் விட்டால் வேண்டாம். பெட்டுக்கு ஒரு ஜோடி என்று நானும் விமலும் சேர்ந்தே பேசி முடித்தோம். ஆளுக்கு ஒரு ஜோடி என்று சொல்லியிருக்க வேண்டும். அன்பரசன் படுத்த பெட்டில் யாரும் ஏறாமல் அது காலியாகவே கிடந்தது. அவன் செருப்பும் யாரும் தொடாமல் அதன் அடியிலேயே கிடந்தது. அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தோம். சாகிர் எண்ணினார். வலது பக்கம் ஒரே ஒரு ஜோடி கூடுதல். ஜெயித்தோம் என்று கத்தப் போனேன். சாகிர் குனிந்து கடைசி ஜோடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சி ஒன்பது" என்றார்.

அன்பரசன் பெட்.

குனிந்து பார்த்தேன். மேலே ஒரு வருஷத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. அதில் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. தூக்கிப் பார்த்தால் அடிப்பாகம் ஈரம். அப்போதுதான் குளித்துவிட்டு நடந்து வந்தது போல. யார் வைத்தது என்று கேட்டதற்கு ஒவ்வொருத்தனும் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் பண்ணினான். விமலுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

சாகிர் செருப்பைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பெட் இருக்கு பாய், ஜோடி இருக்கு. கலாஸ், முடிஞ்சது. நூலகம் இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. அந்தச் செருப்பின் இடது குதிகால் மட்டும் தேய்ந்து ஓடாகியிருந்தது. அசதியாக இருந்தால் அன்பரசன் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். நாகஜோதி கூப்பிட்டால் மாட்டேன் என்று அவன் சொன்னதே கிடையாது. அவள் தினமும் கூப்பிட்டாள். நான் தினமும் லைட்டைப் போட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பத்து வருஷம் இந்த வெயிலில் வெந்தவனைச் செத்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இங்கேயே பிடித்து வைத்திருக்கிறோம்.

"மாப்பிள்ள, இன்னுமா உங்களுக்கு டூட்டி?" என்று வாய்விட்டே அழுதுவிட்டேன்.

வலது பக்கம் கிடந்த என் ஜோடியை எடுத்து இடது பக்கம் போட்டேன். இப்போது இடது பக்கம் ஒரு ஜோடி கூடுதல். சாகிர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நாகஜோதி கூப்பிட்டாள். "லைட்டப் போடுண்ணே."

"லைட்டு இல்ல தாயி. மாப்பிள்ளைக்கு லீவு கெடச்சிருச்சு. ஊருக்குக் கெளம்பிட்டாரு."

ரொம்ப நேரம் அவள் முகம் அசையவே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, இத்தனை நாளும் அழாத என் தங்கை, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவுகளுக்கு எலை போட்டுப் படைக்கிறேண்ணே" என்றாள். "பசியோட வருவாக."