ஆள் போன பிறகும் போகாத கேமரா

அக்கா குடியிருந்த நான்காம் மாடியில் மட்டும் லிஃப்ட் கதவு மூட மறுத்தது. பாதி தூரம் வரும். யாரோ குறுக்கே கை நீட்டியதுபோலத் திடுக்கிட்டுத் திறந்துகொள்ளும். மறுபடி வரும், மறுபடி திறக்கும். குறுக்கே ஒரு கொசுகூட இருக்காது. மற்ற மாடிகளில் நல்ல பிள்ளையாக மூடிக்கொள்ளும். காலையில் நான்காம் மாடியிலும் நல்ல பிள்ளைதான். பிற்பகலில், அதுவும் சில நாள்களில்தான், இந்தக் கூத்து.

அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஆகவே புகார் கம்பெனிக்குப் போவதற்கு முன்பே திட்டு அவனுக்கு வந்து சேர்ந்துவிடும்.

"முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ நான். பயிற்சிக்குப் போகலேன்னா கால் மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. படியும் இறங்கக் கூடாதாம். உன் லிஃப்ட் என்னை ஜெயில்ல போட்டிருக்குடா."

"வாக்கரை வாசல்ல நீட்டிக்கிட்டு நின்னிருப்பே."

"ஆமா. நான் உள்ளே போயிட்டு, அதை மட்டும் வெளியே வேடிக்கை பாக்க விட்டிருப்பேன்!"

பயிற்சி தருகிற அம்மாளோ பிற்பகல் தவிர வேறு நேரம் தர மாட்டேன் என்றுவிட்டார். தம்பியை அடுத்த வாரம் வெளியூர் வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் கோளாறு பிடிபட வேண்டும்.

அவன் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் கதவின் இரண்டு ஓரங்களிலும் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், எதிரே இருப்பது அதை வாங்கும். இடையில் ஆள் நின்றால் ஒளி வந்து சேராது. கதவு பயந்து திறந்துகொள்ளும். பட்டைகள் லிஃப்டோடு சேர்ந்தே எல்லா மாடிக்கும் போகின்றன. அவை கெட்டிருந்தால் எல்லா மாடியிலும் அல்லவா தகராறு வர வேண்டும்? சந்தேகத்துக்கு அவற்றையும் புதிதாக மாற்றிப் பார்த்தான். மாற்றமில்லை. ஆகவே குற்றவாளி லிஃப்டோடு போகாமல் மாடியிலேயே நிற்கும் கதவு, அதாவது நான்காம் மாடியின் வெளிக்கதவுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அதைக் கையும் களவுமாகப் பிடிக்க மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அனிமே தொடர். பஸ் டிப்போவில் பயணிகள் தொலைத்த பொருள்களை வைக்கும் அறை. அதற்குப் பொறுப்பாக ஊதா முடிப் பெண் ஒருத்தி.

"பொம்மைப் படமா? உன் வயசுக்கு?"

"காலை நீட்டிப் போட்டுட்டு நாள் பூரா கூரையைப் பாக்கச் சொல்றியா?"

"மூக்குக்கு ஒரு புள்ளி வச்சிட்டு மொத்தச் செலவையும் கண்ணுக்கே பண்ணிட்டாங்க போல. சாசர் சாசரா ரெண்டு."

"வாயை மூடிட்டுப் பாரு."

பார்த்தான். ஒரு குடை கிடைத்தது. அந்தப் பெண் அதை விரித்தாள், மடித்தாள், அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் போன பிறகும் கேமரா போகவில்லை. காலி அறை. தரையில் வெயில் நகர்ந்தது. பிறகும் நகர்ந்தது.

"ஆள்தான் போயாச்சே, கேமராக்காரனுக்கு வீடு வாசல் இல்லையா? இதையெல்லாம் கதைன்னு சொன்னா, எங்க ஆபீஸ் மீட்டிங்கை மகா காவியம்னுதான் சொல்லணும்."

நேரமானதும் அக்கா கிளம்பினாள். அவன் லிஃப்ட் முன்னே, தாழ்வாரத்து ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி, வெளிக்கதவைக் கண்கொட்டாமல் பார்த்தபடி நின்றான். மெக்கானிக்குகள் அப்படித்தான் நிற்பார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தானே வேலை தெரியும். கதவு வெண்ணெய்போல் மூடிக்கொண்டது.

மறுநாளும் அதே கதை. "உன்மேல அதுக்கு மரியாதை," என்றாள் அக்கா. "நீ இல்லாதப்பதான் என்கிட்ட வாலாட்டும்."

அன்று தொடரில் ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் காற்று புஸ்ஸென்று இறங்கியது. ஒரு கணம் கழித்துத்தான் கதவு மடிந்தது. ரப்பர் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது. கீழ்த் தடத்தில் அழுக்கு.

அவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "அக்கா, படத்தைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டு."

"ஏன், பொம்மைப் படம்தானே?"

"கதையை யார் பாத்தா? கதவை வரைஞ்சவன் தொழில் தெரிஞ்சவன். அதுக்காகத்தான்."

கதவுக்காக மட்டுமே பார்க்கிறவன் அதற்கு அடுத்த நாள் இப்படி ஒரு வார்த்தையை விட்டான்: "அந்தக் குடை டிரைவரோட பொண்ணுதுன்னு இவளுக்கு எப்பத்தான் புரியுமோ!"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "அது இன்னும் வரவே இல்லையே. நான் இனிமேதான் பாக்கணும். உனக்கு யாரு சொன்னது?"

"பஸ்ல வரும்போது... போன்ல... கை தெரியாம பட்டுடுச்சு."

"எத்தனை பாகத்துக்குடா கை தெரியாம பட்டுச்சு?"

அவன் கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஸ்குரூ ஒன்றைக் கழற்றத் தொடங்கினான்.

கடைசி நாள் வந்தது. நல்ல வெயில். தொடரில் அந்தப் பெண் ஒரு கிழவரின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தாள். கிடைக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். கேமரா வழக்கம்போல் போகவில்லை. இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் முதுகு மறைத்திருந்த வெயில் இப்போது நேராக அலமாரியின் அடித்தட்டில் விழுந்தது. மூலையில் ஒரு கண்ணாடி மின்னியது.

"அடிப்பாவி, வெயிலை மறைச்சதே நீதான்! நீ நகராத வரைக்கும் எப்படித் தெரியும்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். கத்தியவன் அப்படியே வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?"

"அக்கா, நீ போய் லிஃப்ட்ல ஏறு. நான் வரல. இங்க வாசல்ல இருந்தே பாக்குறேன்."

அக்கா வாக்கரை ஊன்றிப் போய் உள்ளே நின்றாள். கதவு பாதி வந்தது. திடுக்கிட்டுத் திறந்தது. மறுபடி வந்தது, மறுபடி திறந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" அவன் குதித்தான்.

"உள்ளே மாட்டிட்டு நிக்கிறவ நான். உனக்குக் கொண்டாட்டம்!"

ஓடிப்போய் வழக்கமான இடத்தில் நின்றான். கதவு மூடத் தொடங்கியது. விலகினான், திறந்தது. அவன் விலகிய இடத்தின் வழியே, தாழ்வாரத்தின் இடக்கோடி ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக வந்து கதவின் வலது ஓரத்தில் விழுந்தது. அங்கேதான் ஒளியை வாங்கும் பட்டை. எதிரே வண்டி விளக்கு அடித்தால் நமக்குக் கண் கூசி ஒன்றும் தெரியாதல்லவா, அதற்கும் அதே கதி. எதிர்ப் பட்டை அனுப்புவது தெரியவில்லை. ஆகவே யாரோ குறுக்கே நிற்பதாக நினைத்துக் கதவைத் திறந்துவிட்டது. மேகம் போட்ட நாள்களில் தகராறு இல்லை. நான்காவதுதான் கடைசி மாடி; கீழ் மாடிகளுக்குப் பக்கத்துக் கட்டிடம் நிழல் தருகிறது. அந்த ஜன்னலின் அழுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பளிச்சென்று புதிதாகப் போட்டது போன மாதம்தான்.

"இவ்வளவு நாளா வெயிலை மறைச்சிட்டு நின்னது நீயா?" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணைப் பாவின்னு வேற திட்டினே."

"அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். நாற்காலியைப் போட்டு உட்காரு, கொஞ்ச நேரத்துல அனுப்பிடறேன். நான் ஊர்ல இருந்து வர்ற வரைக்கும் கடைசிப் பாகத்தை மட்டும் பாத்துடாதே."

மின்சாரத்தை நிறுத்தினான். இரண்டு பட்டைகளையும் கழற்றினான். ஒளியை அனுப்பும் பட்டையை வலப்பக்கமும், வாங்கும் பட்டையை இடப்பக்கமும் மாற்றிப் பொருத்தினான். இப்போது வெயில் விழுவது அனுப்பும் பட்டையின்மேல். அனுப்புவதற்குக் கண் தேவையில்லை. வாங்கும் பட்டை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அக்கா ஏறினாள், அவன் விலகி நின்றான், முழு வெயிலில் கதவு மூடிக்கொண்டது.